தானா ஒண்டும் நடக்காது

ஒரு பொருள் காணாமற்போனால் அவர் பொருளைத் தேடமாட்டார். ஆளைத் தேடுவார்.

நான் அவரை அறிந்துகொண்டதே அப்படித்தான். வடகிழக்கு லண்டனில், ரயில் பாதைக்கும் பண்டகசாலைகளுக்கும் நடுவே கிடக்கும் ஒரு நீர்த்தேக்கத்தில் வாரம் ஒருமுறை தண்ணீர் எடுத்துப் பரிசோதிப்பது அப்போது என் வேலை. படகுத்துறையில் இறக்கிவைத்த போத்தல் பெட்டியை ஒருநாள் காணவில்லை. நான் என் வாகனத்துக்கு அடியிலும் முட்பற்றைகளுக்குள்ளும் குனிந்து தேடிக்கொண்டிருந்தேன். பச்சை மழைச்சட்டை போட்ட, ஐம்பது வயது கடந்த ஒருவர் கைகளைப் பின்னால் கட்டியபடி வந்து நின்றார்.

"பிள்ளை யாழ்ப்பாணமோ?"

"ஓம்."

"உப்பிடிக் குனிஞ்சு தேடி என்ன பிரயோசனம்? இண்டைக்கு இஞ்ச ஆரார் வந்தவை எண்டெல்லோ யோசிக்க வேணும்."

விரல் மடித்து ஒவ்வொருவராகச் சொன்னார். புல் வெட்டுபவன், குப்பை எடுப்பவர்கள், காலையில் தூண்டில் போட வந்த இரண்டு கிழவர்கள். பிறகு நடந்து போனார். சற்று நேரத்தில் பெட்டியோடு திரும்பி வந்தார். புல் வெட்டுபவனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். இயந்திரத்தில் பெட்டி நெரிந்துவிடும் என்று அவன்தான் எடுத்துத் தன் இழுவை வண்டியில் வைத்திருக்கிறான். நல்லதுதான் செய்திருக்கிறான். ஆனால் என்னிடம் மன்னிப்புக் கேட்டபிறகுதான் அவனை அவர் போகவிட்டார். பெட்டி கிடைத்ததைவிட ஆள் கிடைத்ததில்தான் அவருக்குத் திருப்தி.

"தானா ஒண்டும் நடக்காது, பிள்ளை," என்றார். "எதுக்கும் பின்னால ஒரு ஆள் நிப்பான்."

அவருடைய வேலைக்கு ஆங்கிலத்தில் பெயிலிஃப் என்று பெயர். லண்டனில் இருக்கும் நம்மவர்களுக்கு பெயிலிஃப் என்றால் கடன் கட்டாத வீட்டுக் கதவைத் தட்டித் தொலைக்காட்சியைத் தூக்கிக்கொண்டு போகிறவன். அதனால் கோயிலடியில் அவரைக் கண்டால் பகிடி பண்ணுவார்கள். அவர் கோபிக்கமாட்டார். தான் காவல் காப்பது மீனை என்று பொறுமையாக விளக்குவார். ஜேர்மனியில் பதினைந்து வருஷத்துக்கு மேல் இருந்து, குடியுரிமை கிடைத்த பிறகு இங்கே வந்தவர். அங்கே தூண்டில் போடுவதற்கே பரீட்சை எழுத வேண்டுமாம். ஜேர்மன் மொழியில் அதை எழுதிச் சித்தியடைந்தவர் என்பதில் அவருக்கு இருந்த பெருமை, கடவுச்சீட்டுக் கிடைத்ததில்கூட இருந்ததாகத் தெரியவில்லை.

நீர்த்தேக்கத்தில் மீன்பிடிப்பை ஒரு சிறிய நிறுவனம் குத்தகைக்கு எடுத்து நடத்தியது. குளிர் முடியும் நேரத்தில் பண்ணையிலிருந்து தாங்கி லொறி வரும். அகலமான குழாயைத் தண்ணீருக்குள் விட்டு ட்ரவுட் மீன்களைத் திறந்துவிடுவார்கள். டிக்கெட் வாங்கியவர்கள் இலையுதிர் காலம்வரை தூண்டில் போடலாம்; பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும். ட்ரவுட் அந்தத் தேக்கத்தில் முட்டையிட்டுப் பெருகாது. அதற்கு ஓடுகிற தண்ணீரும் பரல்கல்லும் வேண்டும். ஆகவே விட்டதுதான் மீன். அதன்பிறகு குறைவது மட்டும்தான் நடக்கும். லொறி வரும் நாளில் அவர் சவரம் செய்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வருவார். குழாய் வாயில் மீன்கள் வெள்ளியாகக் கொட்டும்போது ஏதோ கலியாண வீட்டு வாசலில் நிற்பவரைப் போல நிற்பார். "என்ர மீன்" என்றுதான் சொல்வார்.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். கடும் குளிரில் நான் படகில் போகும் நாட்களில் தானே இயந்திரத்தைப் பிடித்து என்னைத் தேக்கத்தின் நடுவுக்குக் கூட்டிப்போவார். சுடுதண்ணீர்ப் போத்தலில் இஞ்சித் தேத்தண்ணி கொண்டுவருவார். என் மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் யாரோ பையைக் கிழித்துவிட்டார்கள் என்று ஒருநாள் சொன்னதற்கு, அடுத்த வாரம் புதுப் பையோடு வந்தார். பையைத் தந்துவிட்டு, "ஆர் கிழிச்சதெண்டு கண்டுபிடிச்சாச்சோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்டன் பார்க்கில் இருந்த அவர் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனேன். அவர் மனைவி மெலிந்த, சத்தமில்லாமல் நடக்கிற பெண். நானும் அவவும் குசினியில் நின்றோம். மேசை விளிம்பில் இருந்த கண்ணாடிக் குவளை ஒன்று விழுந்து உடைந்தது. யார் கையும் பட்டதாக எனக்குத் தெரியவில்லை. மேசைத் துணி இழுபட்டிருக்கலாம்.

முன்னறையிலிருந்து அவர் குரல் வந்தது. "ஆர் உடைச்சது?"

"விழுந்திட்டுது," என்றா மனைவி.

"தானா விழாது."

"நான்தான்," என்றா அவ. பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தா. "இந்த வீட்டில கிளாஸ் தானா உடைய ஏலாது, தங்கச்சி. நான்தான் எண்டு சொன்னா அதோட முடிஞ்சுபோம்."

துண்டுகளைக் கூட்டியபடி, நான் கேட்காமலேயே, தாழ்ந்த குரலில் சொன்னா.

"ஜேர்மனியில எனக்கு ஒரு பிள்ளை வயித்தில நிண்டது. ஆறாம் மாசம் இல்லாமல் போச்சு. டொக்டர் சொன்னவ, சிலவேளை இப்பிடி நடக்கும், ஒருத்தரிலயும் பிழையில்லை எண்டு. அதைத்தான் இந்த மனுசனால தாங்க ஏலாமல் போனது. முதல் கொஞ்ச நாள் டொக்டரில பிழை. பிறகு எனக்கு வேலை தந்த லோண்டரிக்காரனில பிழை. பிறகு ஒரு நாள், அந்தத் துணிக்கூடையை நீ ஏன் தூக்கினனீ எண்டு கேட்டார். அண்டையில இருந்து இண்டைக்கு வரைக்கும் நான்தான்."

அவர் உள்ளே வந்தார். மனைவியின் விரலில் இரத்தம் கண்டதும் பதறிப்போய் பிளாஸ்டர் எடுத்து வந்து, அவவைக் கதிரையில் இருத்தி, தானே குந்தியிருந்து ஒட்டினார். அந்தக் கரிசனை பொய்யில்லை. அதனால்தான் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அந்த வருஷங்களில் மீன் குறைந்துகொண்டே வந்தது. நாள் முழுவதும் நின்றுவிட்டு ஒரு மீனும் படாமல் போகிறவர்கள் அதிகமானார்கள். டிக்கெட் கொட்டிலுக்கு முன்னால் முணுமுணுப்பு. அடுத்த பருவமும் இப்படியே போனால் குத்தகையைக் கைவிடுவோம் என்று மனேஜர் சொல்லிவிட்டார். மனேஜர் கென்ட் பக்கத்து வெள்ளைக்காரர். கெட்டவரல்ல, ஆனால் எந்தப் பிரச்சினையையும் வேறு ஒருவர் தீர்த்துத் தந்தால் நல்லது என்று நினைக்கிறவர்.

ஒருநாள் படகை ஓட்டிக்கொண்டே அவர் என்னைக் கேட்டார். "பிள்ளை, நீர் படிச்சனீர். சொல்லும், என்ர மீன் எங்க போகுது?"

"ஒரு காரணம் இல்லை, அண்ணை," என்றேன். "பண்ணையில இருந்து வாற மீன் இப்ப சின்னன். பெரிய மீனுக்கு விலை கூடவெண்டு மனேஜர் சின்னனா எடுக்கிறார். சின்ன மீனை நீர்க்காகம் லேசா விழுங்கும். கோடையில மேல்தண்ணி சுடுகுது. அடித்தண்ணி குளிர்தான், ஆனா அங்க ஒட்சிசன் இல்லை. இடையில கொஞ்ச இடத்திலதான் மீன் தப்பி நிக்கலாம். அதுகள் தின்னுற தண்ணித் தெள்ளும் குறைஞ்சுபோச்சு. மீன்பேன் பிடிச்சதுகள் இரை எடுக்காது. இருக்கும், ஆனா தூண்டில்ல படாது. கொஞ்சம் வெளிக்குழாயால போகுது."

கவனமாகக் கேட்டார். இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு சொன்னார்:

"இத்தினை காரணம் எண்டா ஒரு காரணமும் இல்லையெண்டதுதான் கருத்து."

"அப்பிடியில்லை, அண்ணை. எல்லாம் சேர்ந்துதான்."

"எல்லாம் சேர்ந்து ஒரு வேலையும் செய்யாது, பிள்ளை. ஆரோ ஒருத்தன் செய்யிறான்."

முதலில் அவர் சந்தேகம் நீர்க்காகங்கள் மேல்தான் விழுந்தது. தகரத்தைத் தட்டினார், படகில் துரத்தினார். அவை தேக்கத்தின் நடுத் தீவில் மரம் மரமாக உட்கார்ந்து இறக்கையை விரித்துக் காயப்போட்டன. ஆயிரம் வருஷமாக அதையே செய்துகொண்டிருப்பவை போல. ஒரு மாதத்தில் அவருக்கு அலுத்துவிட்டது. "காகத்தைப் பிடிச்சு விசாரிக்க ஏலுமே?" என்றார். பிறகு கிழக்கு ஐரோப்பியர்கள். கறிக்கு மீன் பிடிப்பவர்கள் என்று சொல்லி அவர்கள் பைகளைத் திறக்கச் சொன்னார். ஒருமுறை ஒரு லித்துவேனியக்காரனின் பையில் பாணும் பழைய ரேடியோவும்தான் இருந்தன. அந்த மனிதன் பையை மூடிக்கொண்டு போனான். பிறகு வரவேயில்லை. வராததே சாட்சி என்றார் இவர்.

சூசை வந்தது அந்த இலையுதிர் காலத்தில். அவனைக் கொண்டுவந்தவரும் அவர்தான்.

சூசைக்கு நாற்பது வயதிருக்கும். மன்னார்ப் பக்கத்துக் கடற்றொழிலாளி. வள்ளத்தை விற்றுத்தான் இங்கே வந்தவன். குரோய்டனில் கொடுத்த அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டு, புதிய ஆதாரங்களோடு மறுபடி கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தான். வேலை செய்ய அனுமதி இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குடிவரவு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். கோயில் அன்னதானத்தில் கிறிஸ்தவன் ஒருவன் ஒதுங்கி நின்று சாப்பிடுவதைக் கண்டு, இவர்தான் கதை கொடுத்திருக்கிறார். சனிக்கிழமைகளில் தேக்கத்தின் கரையைத் துப்புரவாக்கும் தொண்டர்களோடு அவனைச் சேர்த்துவிட்டார். சம்பளம் இல்லை, ஆனால் அறைக்குள் கிடக்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். தன் பழைய குளிர்ச்சட்டையைக் கொடுத்தார். அரிசியும் பருப்பும் வாங்கிக் கொடுத்தார். "எங்கட பெடியன்," என்று எனக்கு அறிமுகப்படுத்தினார்.

சூசை முட்செடிகளை வெட்டிக் குவிப்பதில் இரண்டு பேருக்குச் சமம். நடுநடுவே நிமிர்ந்து, தூண்டில்காரர்களைப் பார்த்து வாய்விட்டுச் சிரிப்பான். "அக்கா, இவங்கள் பிடிச்ச மீனைக் கொஞ்சிப்போட்டுத் திருப்பி விடுறாங்கள். எங்கட ஊரில ஒருத்தன் இப்பிடிச் செய்தா அவனைப் பேயோட்டக் கூட்டிக்கொண்டு போவம்."

அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அந்தக் குளிர்காலம் முழுவதும் மூன்று பேரும் டிக்கெட் கொட்டிலில் தேத்தண்ணி குடித்திருக்கிறோம்.

மறு வசந்தத்தில் லொறி வந்து போனது. மீன் இன்னும் சிறிதாக இருந்தது. சில வாரங்களிலேயே பழைய முணுமுணுப்புத் தொடங்கிவிட்டது. ஒரு சனிக்கிழமை காலை நான் போனபோது அவர் கருவிக்கொட்டில் வாசலில் நின்றார். உள்ளே ஆணியில் தொங்கிய, சூசைக்குத் தான் கொடுத்த பழைய குளிர்ச்சட்டையின் பையிலிருந்து எடுத்த ஒரு தடித்துண்டு அவர் கையில் இருந்தது. அதில் நைலோன் நூல் சுற்றியிருந்தது, நுனியில் ஊசி. நம் ஊர்க் கைத்தூண்டில்.

அவர் முகத்தில் கோபம் இருக்கும் என்று நினைத்தேன். கோபம் இல்லை. நெடுநாள் காய்ச்சல் விட்டவரின் முகம்போல அது தெளிந்திருந்தது.

"கண்டீரே பிள்ளை," என்றார். "நான் சொன்னனான்தானே."

"அவனைக் கூப்பிட்டுக் கேளுங்கோ, அண்ணை. நாங்கள் மூண்டு பேரும் இருந்து கதைப்பம்."

"மனேஜருக்குச் சொல்லியாச்சு."

மனேஜர் பொலிசுக்குச் சொல்லியிருந்தார். பொலிஸ்காரரும் ஒரு பொலிஸ்காரியும் வந்து இறங்கினார்கள். கரையில் அன்று வேலைக்கு வந்த தொண்டர்கள் வரிசையாக நின்றார்கள். மூன்று பேர் நம் நிறம்: ஒரு பஞ்சாபிக் கிழவர், ஒரு வங்காளப் பெடியன், சூசை. எவன் என்று பொலிஸ்காரி கேட்டாள். அவர் பெயர் சொல்லவில்லை. கையை நீட்டவுமில்லை. சூசை இருந்த பக்கம் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார்.

சூசை அவரைத்தான் பார்த்தான். "அண்ணை, ஒண்டு எடுத்தனான். தவக்காலம், இறைச்சி தின்னுறேல்லை, மீன் தின்ன ஆசையா இருந்தது. ஒண்டுதான் எடுத்தனான், அண்ணை." பொலிசுக்குத் தமிழ் விளங்கவில்லை. விளங்கிய இருவரில் ஒருவர் மறுபக்கம் திரும்பித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் முன்னால் போய் அவன் சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னேன். ஒன்றானாலும் ஒத்துக்கொண்டான்தானே என்று குறித்துக்கொண்டார்கள்.

அன்று பின்னேரம் எச்சரிக்கை பதிந்து விட்டுவிட்டார்கள். நான் அவனைக் காரில் அறைக்குக் கூட்டிப்போனேன். அவன் இறங்கும்போது சொன்னான்:

"சாக்கு மட்டும்தான் இல்லை, அக்கா."

நம் ஊரில் இராணுவம் சுற்றிவளைத்து ஆட்களை வரிசையில் விடும் காலத்தில், தலையைச் சாக்கால் மூடிய ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டினானோ அவனை வண்டியில் ஏற்றுவார்கள். சூசை அப்படி ஒருமுறை வரிசையில் நின்றவன். அன்று அந்தத் தலையாட்டல் அவனுக்கு முன்னால் நின்றவனோடு நின்றுவிட்டதாம்.

நான் திரும்பிப்போய் அவரிடம் கெஞ்சினேன். மனேஜரிடம் பேசுங்கள், ஒரு மீன்தான் என்று எழுதிக் கொடுங்கள், அவனுக்குக் கேஸ் நடக்கிறது, இது அதைக் கெடுக்கும் என்றேன்.

"ஒண்டு எண்டு அவன் சொல்லுறான்."

"நீங்கள் என்ன நினைக்கிறியள்? குளிர்காலம் முழுக்க எங்களோட இருந்தவன், அண்ணை. இந்தக் குளத்து மீன் முழுக்க அவன்தான் திண்டதோ?"

"ஒண்டு எடுத்தவன் நூறும் எடுப்பான்."

"அவனைத் திருப்பி அனுப்பினா என்ன நடக்குமெண்டு உங்களுக்குத் தெரியும்."

"எனக்கும் கேஸ் நடந்தது, பிள்ளை. நான் ஒருத்தற்ற மீனையும் தொடேல்லை." பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில் சொன்னார்: "அவனில எனக்குக் கோபமில்லை. ஆனா தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சபிறகு தெரியாத மாதிரி இருக்க என்னால ஏலாது."

அடுத்த தடவை கையெழுத்து வைக்கப் போன சூசை திரும்பி வரவில்லை. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள தடுப்பு நிலையத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான் ஒருமுறை போய்ப் பார்த்தேன். கைவிரல் நகங்களுக்குள் மண் இல்லாமல் அவன் கை அன்றுதான் சுத்தமாக இருந்தது. வேனில் முற்றுமுன் கொழும்புக்கு விமானத்தில் ஏற்றினார்கள். அந்த எச்சரிக்கைதான் காரணமோ என்று அவனுடைய வழக்கறிஞரைக் கேட்டேன். "அப்படிச் சொல்ல முடியாது," என்றார் அவர். "புது விதிகள், பழைய மறுப்பு, அந்த வாரம் விமானத்தில் இடம் இருந்தது. பல விஷயங்கள் சேர்ந்திருக்கலாம்." எனக்குப் பல விஷயங்கள் வேண்டியிருக்கவில்லை. எனக்கு ஒரு ஆள் இருந்தார்.

சூசை பிடிபட்டதிலிருந்து இரண்டு மாதம் அவர் தேக்கத்தடியில் பெரிய மனிதர். தூண்டில்காரர்கள் அவர் முதுகில் தட்டினார்கள். மனேஜர் கைகொடுத்தார். மீன் கூடுதலாகப் படத் தொடங்கிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். சிறிது கூடுதலாகத்தான் பட்டது. அது குளிரான வசந்தம்; ட்ரவுட் நன்றாக இரையெடுக்கும். அதை நான் சொல்லவில்லை. அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தேன். படகுக்கு வேறு ஆளைக் கேட்டேன். அவர் ஒவ்வொரு வாரமும் சுடுதண்ணீர்ப் போத்தலைப் படகுத்துறைக் கல்லில் வைத்துவிட்டுப் போவார். நான் தொடுவதில்லை.

பிறகு வெயில் வந்தது. எரிக்கிற வெயில், காற்றே இல்லை. லண்டன் பூங்காக்களெல்லாம் வைக்கோல் நிறமாகின. தேக்கத்தின் மேல்தண்ணீர் இருபது பாகையைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. பாசி பச்சைக் குழம்பாகத் திரண்டது. இனி மீன் தாங்காது, தண்ணீரைக் கலக்கும் பம்பியை முழுநேரமும் ஓடவிடுங்கள், இல்லாவிட்டால் காற்று அடிக்கும் கருவி வாடகைக்கு எடுங்கள் என்று மனேஜருக்கு மீண்டும் மீண்டும் எழுதினேன். பார்க்கிறோம் என்று பதில் வந்தது.

ஒரு காலை, படகுத்துறைப் பக்கத்துச் சுவரோரம் முழுக்க வெள்ளையாக இருந்தது. தூரத்திலிருந்து பார்க்கும்போது கோழியிறகு மிதப்பதுபோல் தெரிந்தது. கிட்டப் போனால் வயிறு. நூறு நூறாக, ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு. அந்த வருஷம் விட்ட சாண் மீனும் இருந்தது. அதற்கு முந்தின வருஷத்து முழங்கை நீள மீனும் இருந்தது. இத்தனையும் அந்தத் தண்ணீருக்குள்தான் இருந்திருக்கின்றன. எவனும் தின்னவில்லை. தூண்டிலில் படாமல், கண்ணில் படாமல், மூச்சு விடக் கிடைத்த இடத்தில் ஒதுங்கி நின்றிருக்கின்றன.

அவர் முழங்காலளவு தண்ணீரில் நின்று வலையால் அள்ளிக் குப்பைத் தொட்டிகளில் போட்டுக்கொண்டிருந்தார். நாற்றம் அப்போதே தொடங்கிவிட்டது. நான் கரையில் நின்று கருவியை இறக்கி ஒட்சிசன் அளந்தேன். எண்ணைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. சூசையின் பெயரைச் சொல்ல என் நாக்கு துடித்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை. அழுதுகொண்டிருந்தார்.

பிறகு அவர் நிமிர்ந்து என் கையிலிருந்த கருவியைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அந்தக் கண்ணீருக்குள்ளேயே ஏதோ தெளிவது எனக்குத் தெரிந்தது. அந்தத் தெளிவை நான் முன்னர் ஒருமுறை கண்டிருக்கிறேன்.

"நீர்தானே அளக்கிறனீர்," என்றார்.

"அண்ணை, நான் மனேஜருக்கு எத்தினையோ தரம் எழுதினனான்."

"எழுதினனீர். எனக்குச் சொன்னீரே? ஒரு சொல்லு? நீர் என்னோட கோபம். அதால வாய் திறக்கேல்லை. என்ர மீன் சாகட்டும் எண்டு விட்டனீர்."

என்னைப் பற்றி அவர் முறைப்பாடு செய்தார். என் அலுவலகத்தில் விசாரித்தார்கள். அனுப்பிய மின்னஞ்சல்களைக் காட்டினேன். என்னில் பிழையில்லை என்று முடிந்தது. ஆனாலும் என்னை மேற்கு லண்டனில் வேறு தேக்கத்துக்கு மாற்றினார்கள். அவர் முழுப்பொய் சொல்லவில்லை என்பதுதான் இன்றும் என்னை அரிக்கிறது. கோபம் இல்லாவிட்டால் நான் அவரிடம் வாயால் சொல்லியிருப்பேன். அவர் மனேஜரின் சட்டையைப் பிடித்தாவது பம்பியை ஓடவைத்திருப்பார். கொஞ்ச மீன் பிழைத்திருக்கும். ஆனால் அதை ஒத்துக்கொண்டால், மீன் முழுவதையும் நான்தான் கொன்றேன் என்று அவர் ஏட்டில் எழுதிக்கொள்வார். கொஞ்சம் என்ற சொல் அவருக்குத் தெரியாது. அதனால் அவர் மனைவி குசினியில் செய்ததை நான் செய்யவில்லை. நான்தான் என்று சொல்லவில்லை.

அந்த இலையுதிர் காலத்தோடு மீன்பிடிப்பை மூடிவிட்டார்கள். அதன்பின் லொறி வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்து சூசையிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. கொழும்பில் இறங்கியதும் விசாரித்தார்கள், ஊருக்குப் போனபிறகும் வந்து விசாரித்தார்கள் என்றான். எப்படி விசாரித்தார்கள் என்று சொல்லவில்லை. வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாதாம். அதனால் கடலுக்குப் போவதில்லை. ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கிறான், இடது கையால்.

"அக்கா, அந்த அண்ணையக் கண்டா ஒண்டு கேக்க வேணும்."

"என்ன?"

"அவர்தானே என்னைக் கோயிலடியில கண்டு கூட்டிக்கொண்டு வந்தவர். அப்ப என்னில என்னத்தைக் கண்டவர்? பிறகு என்னத்தைக் கண்டவர்? அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ. நான் சண்டைக்குக் கேக்கேல்லை. தெரிய வேணும்."

கேட்கிறேன் என்றேன். அவரைத் தேடி அலையவில்லை. ஆனால் ஒரு மழைநாளில் கிரீன் ஸ்ட்ரீட்டில் நம்மவர் ஒருவரின் பெரிய பலசரக்குக் கடைக்குள் நுழைந்தபோது, வாசலில் கறுப்புச் சட்டையும் காதில் ஒரு வயருமாக அவர் நின்றார். காவல் வேலை. தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. உண்மையாகவே மலர்ந்தது. என் மீது செய்த முறைப்பாடு, தொடாத தேத்தண்ணி, ஒன்றும் அந்த முகத்தில் இல்லை.

"பிள்ளை! எப்பிடிச் சுகம்? மகன் இப்ப யூனிவேர்சிட்டியோ?"

மகனைப் பற்றிச் சொன்னேன். அவர் மனைவி கனடாவில் தங்கையோடு இருக்கிறாவாம். "போனவ, வரேல்லை," என்றார். யாருடைய பிழை என்று சொல்லத் தொடங்கினார். அந்தத் தங்கையின் பிழைதானாம். நான் இடைமறித்தேன்.

"அண்ணை, சூசை கதைச்சவன்."

"எந்தச் சூசை?"

நான் பகிடி என்று நினைத்தேன். அவர் கண்களைப் பார்த்தேன். நேர்மையாக யோசித்துக்கொண்டிருந்தார். நெற்றி சுருங்கியிருந்தது.

"கரையில வேலை செய்தவன். மன்னார்ப் பெடியன். நீங்கள் குளிர்ச்சட்டை குடுத்தனீங்கள்."

"கனபேருக்குக் குடுத்தனான், பிள்ளை." இன்னும் கொஞ்சம் யோசித்தார். "ஓ... அந்த மீன் கள்ளன். அவன் இப்ப எங்க?"

நான் வாயைத் திறக்குமுன் அவர் பார்வை என் தோளுக்கு மேலால் கடைக்குள்ளே போய்விட்டது. அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு கிழவி, தோளில் துணிப்பையோடு, எதையோ எடுத்துப் பார்த்துத் திரும்ப வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நிமிசம், பிள்ளை," என்று சொல்லிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவளை நோக்கி நடந்தார்.

நான் ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தேன். அடுத்த மாதம் சூசை மறுபடி தொலைபேசியில் அழைத்தான். கேட்டீங்களோ என்றான். அவரைக் காணவில்லை என்று சொன்னேன். பரவாயில்லை அக்கா, கண்டால் கேளுங்கோ என்றான். அதன்பிறகு ஒவ்வொரு தடவையும் கேட்கிறான். நானும் ஒவ்வொரு தடவையும் இன்னும் காணவில்லை என்றுதான் சொல்லி வருகிறேன்.